மெக்சிக்கன் கடையில் மகளோடு

மகள் தனியாகப் போய் இருக்கத் தொடங்கிய பிறகு அவளை நான் பார்த்ததெல்லாம் ஒரு மெக்சிக்கன் கடையில்தான். பாரிஸில், மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வழியில், ஒரு குறுக்குத் தெருவில் அது இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. சுவருக்கு மஞ்சளும் நீலமும் அடித்து, வாசலில் பிளாஸ்டிக் கள்ளிச்செடி ஒன்றை நிறுத்தி, உள்ளே மேசைகளை நெருக்கிப் போட்டு அதை உணவகம் ஆக்கியிருந்தார்கள். பக்கத்து மேசைக்காரரின் முழங்கை நம் தட்டுக்குள் வராமல் அங்கே சாப்பிட முடியாது.

அவள் தனியாகப் போனதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அலுவலகம் நகரத்தின் தெற்குப் பக்கம். அதற்குக் கிட்ட ஒரு சிநேகிதியோடு சேர்ந்து வாடகைக்கு இடம் எடுத்துவிட்டாள். மெத்ரோவில் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரம். கலியாணம் இல்லை, வேறு ஊரில் வேலை இல்லை, வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. ஒரு பிள்ளை எதற்காகத் தன் அறையை விட்டுவிட்டு இன்னொரு அறைக்கு வாடகை கட்டப் போகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. என் கணவர் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் பின்னேர வேலை செய்கிறவர். "போகட்டுமப்பா, காலமை மெத்ரோவில இடிபடத் தேவையில்லை" என்றார். அதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

போன புதிதில் அவள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. வேலை, களைப்பு என்று தொலைபேசியில் சொன்னாள். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்னாள். அன்று மீன்கடை திறந்த கையோடு, தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலுக்குப் போய் நண்டு வாங்கிவந்து, முருங்கையிலை போட்டுக் கறி வைத்தேன். சின்ன வயதில் நண்டுக் கறி என்றால் தகப்பனின் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறவள். சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் செய்தி வந்தது. வெளியே சாப்பிடுவோம், வீட்டுக்குக் கிட்டத்தான், நல்ல இடம் என்று எழுதி அந்தக் கடையின் விலாசத்தை அனுப்பியிருந்தாள்.

கறியை என்ன செய்வது? ஒரு பெட்டியில் போட்டு, இறுக்கி மூடி, பையில் வைத்துக் கொண்டுபோனேன். போகும்போது அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

கடைக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்க தாடிக்காரர், பிரெஞ்சுக்காரர்தான். சில வருடங்கள் மெக்சிக்கோவில் இருந்தவராம். என்னைக் கண்டதும் ஆங்கிலத்தில் பேசினார். நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன். அவர் மறுபடியும் ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பில் வேலை செய்கிறேன். பல்வலியோடு வருகிற மனிதரை நாள் முழுக்கப் பிரெஞ்சில் சமாதானப்படுத்துகிறவள். இந்த நகரத்துக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு ஒருவர் என்னைச் சுற்றுலாப் பயணி ஆக்கிவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அவர் மூக்கைச் சுருக்கி என் பையைப் பார்த்தார்.

"மன்னிக்கவேண்டும் மதாம், வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுவர முடியாது."

"நான் இதை இங்கே சாப்பிடப் போவதில்லை. என் மகளுக்குக் கொடுக்க வைத்திருக்கிறேன்."

"வாசம் வருகிறது, மதாம்."

பையை வாங்கிக்கொண்டுபோய்க் கல்லாவுக்குப் பின்னால் வைத்தார். அந்த நேரம் மகள் வந்தாள். அவளைக் கண்டதும் மனிதரின் முகமே மாறிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து, சுவரோரம் இருந்த மேசைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. அதிலிருந்து எக்காளமும் கிற்றாருமாக ஒரு பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சாப்பாடு வருவதற்குள் மேசையில் வைத்த சோளப் பொரியலை நான் முழுவதுமாகத் தின்று முடித்துவிட்டேன். கடைசியில் தட்டுகள் வந்தன. மகள் தன் மடித்த சோள ரொட்டித் தாக்கோவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். கடைக்காரரைக் கூப்பிட்டு, "இதில் இறைச்சி இருக்கிறது. நான் சாப்பிடுவதில்லை என்று உங்களுக்குத் தெரியும்தானே" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"ஐயோ, தெரியும், தெரியும். குசினியில் மாறிப்போய்விட்டது" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நான் மகளைப் பார்த்தேன். "நீ இறைச்சி சாப்பிடுறேல்லையோ? எப்ப தொட்டு?"

"கன நாள், அம்மா."

"மீன்?"

"மீனும் இல்லை."

"நண்டு?"

"நண்டும்தான்."

"என்ன, வருஷம் முழுக்கத் தபசுகாலமோ?"

ஈஸ்டருக்கு முன் கத்தோலிக்கர் நாங்கள் இறைச்சியை விடுகிற நாற்பது நாளைச் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளை எதைச் சாப்பிடுகிறாள், எதைச் சாப்பிடுவதில்லை என்று அந்தத் தாடிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. போகும்போது பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நண்டுக் கறியை என் கணவர் இரண்டு நாள் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு வா என்றால் அந்தக் கடைக்கு வாங்கோ என்பாள். நானும் போவேன். ஒரு தடவை எனக்குக் கொண்டுவர வேண்டியதை மறந்தே போனார்கள். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்தேன். இன்னொரு தடவை அவரைக்காய்க் கூழ் போல ஒன்று ஆறிப்போய் வந்தது. சூடாக்கித் தரச் சொன்னேன். தட்டைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்தார்கள், கூழ் அப்படியே குளிர்ந்திருந்தது. காரம் போதாது என்று சொன்னால் கடைக்காரர் முகத்தில் ஒரு கவலை வரும். "இது மிகவும் உறைப்பு மதாம், கவனம்" என்று சொல்லி ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பார். அதில் இருப்பது தக்காளித் தண்ணீர். தாக்கோ என்கிற அந்தப் பண்டத்தை ஒரு தரமாவது கையில் முழுதாகப் பிடித்துச் சாப்பிட எனக்கு முடிந்ததில்லை. ஒரு பக்கம் கடித்தால் மறுபக்கம் எல்லாம் மடியில் விழும். மகள் எப்படியோ ஒரு துண்டும் சிந்தாமல் சாப்பிடுவாள்.

இப்படி ஒரு சனிக்கிழமை நாங்கள் உட்கார்ந்ததும் கடைக்காரர் வந்து அவளிடம் பிரெஞ்சில் கேட்டார்.

"உன் கொப்பேன் வரவில்லையா இன்றைக்கு?"

பிரெஞ்சில் கொப்பேன் என்றால் காதலன். பாட்டுச் சத்தத்துக்குள் எனக்கு அது கொப்பன் என்று கேட்டது. எங்கள் பேச்சில் கொப்பன் என்றால் உன் அப்பன். இந்த மனிதர் எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி யாழ்ப்பாணத் தமிழில் இரண்டு சொல் படித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் மரியாதைக் குறைவான சொல்தான், ஆனாலும் விசாரிக்கிறாரே என்று சந்தோஷமாகவே இருந்தது. நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

"அவர் வீட்டில் படுத்திருக்கிறார். நேற்று வேலை முடிந்து வர நேரம் போய்விட்டது."

"ஆமாம், ஆமாம், நேர்ஸ் வேலை கஷ்டமான வேலை. அதுவும் இப்போது ஆஸ்பத்திரிகளில் ஆளும் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிற என் கணவரை யார் நேர்ஸ் ஆக்கினார்கள்? பிறகு மகளின் முகத்தைப் பார்த்தேன். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"ஆர் அது?"

"அம்மா, இங்கே வேண்டாம்" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"இஞ்சை வேண்டாமெண்டா எங்கை? வீட்டை நீ வாறேல்லை. ஆரெண்டு கேக்கிறன்."

அவள் ஏதோ சொன்னாள். மேலே எக்காளம் ஊதியது. "என்ன?" என்றேன். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை. "எத்தினை நாளா?" என்று கேட்டேன். அவள் பொறுமை இழந்து, "ஒரு வருஷம்!" என்று பிரெஞ்சில் கத்தினாள். பாட்டு அந்த நேரம் பார்த்து முடிந்திருந்தது. பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வாழ்த்துச் சொன்னார்.

அன்று பின்னேரம் கணவர் வேலைக்கு வெளிக்கிடும்போது கேட்டேன். "உங்களுக்கு இது தெரியுமோ?"

சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார். "ஏதோ ஒண்டு இருக்கெண்டு தெரியும். ஆரெண்டு தெரியாது."

"தெரிஞ்சு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவள் உமக்குச் சொல்லுவள்தானே எண்டு இருந்தனான்."

அவள் எனக்குச் சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னார். அந்த எரிச்சலோடு அந்த வாரம் முழுவதும் வேலை செய்தேன். பல் பிடுங்க வந்தவர்களுக்குத் தப்பான நாளில் நேரம் கொடுத்து வைத்தியரிடம் பேச்சும் வாங்கினேன்.

ஒருநாள் மத்தியான இடைவேளையில் பொறுக்க முடியாமல் அந்தக் கடைக்கு நடந்தேன். அங்கே சமைக்கிறவர் எங்கள் ஆள்தான் என்று எனக்குத் தெரியும். வன்னியிலிருந்து சில வருடங்களுக்கு முன் வந்த தம்பி. லா ஷப்பல் மரக்கறிக் கடையில் அடிக்கடி கண்டு தலையாட்டியிருக்கிறோம். பின்பக்கக் கதவடியில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்ர மகள் இஞ்சை வந்து சாப்பிடுறவள்."

"ஓம் அக்கா, தெரியும். இறைச்சி இல்லாமல்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "அண்டைக்கு மாறிப்போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அது கிடக்கட்டும். அவளோட ஒரு பெடியன் வாறவனாம். பாத்தனீங்களோ?"

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். "நான் உள்ளுக்கு நிண்டு சமைக்கிற ஆள், அக்கா. ஆர் வருகினம், ஆரோட இருக்கினம் எண்டு பாக்கிறதில்லை."

"அந்தக் குசினி ஓட்டையுக்குள்ளால முழுக் கடையும் தெரியும். நான் பாத்தனான்."

"பாத்திருந்தாலும் சொல்லமாட்டன், அக்கா. குறை நினைக்காதேங்கோ. நீங்கள் இண்டைக்கு வந்து கேட்டதையும் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவரில் பிழை சொல்லவும் முடியவில்லை. பசியோடு வேலைக்குத் திரும்பிப் போனேன்.

அன்று முதல் மகளிடம் ஒரே ஒரு கேள்விதான். எப்போது கூட்டிக்கொண்டு வருகிறாய்? கடைசியில் சரி என்றாள். ஆனால் வீட்டுக்கு இல்லை.

"வீட்டை கூட்டிக்கொண்டு வா, பிள்ளை. நான் இறைச்சி ஒண்டும் போடாமல் சமைக்கிறன்."

"பிறகு வாறம், அம்மா. முதல்ல அங்க."

வெள்ளிக்கிழமை பின்னேரம் என்று முடிவாயிற்று. கணவர் யாரிடமோ சொல்லித் தன் வேலையை மாற்றிக்கொண்டார். சவரம் செய்து, கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டார். நான் கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். தாய் தகப்பன் யார், எந்த ஊர், இவளை என்ன செய்வதாக உத்தேசம். கிளினிக்கில் புதிதாக வருகிறவரிடம் கேட்பது போல, கோபப்படாமல் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

வெளியே மழை. வாசலில் கடைக்காரர் தன் கைக்கணினியைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கள் பெயரில் மேசை இல்லை என்றார். மகள் தொலைபேசியை எடுத்து, அவர்கள் அனுப்பிய உறுதிச் செய்தியைக் காட்டினாள். அது உண்மைதான், ஆனால் அந்த மேசையை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று, இன்று சனம் அதிகம், ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு அதுவரை சேர்ந்து கிடந்ததெல்லாம் வெளியே வந்தது.

"மிஸ்யூ, நான் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறேன். நேரம் எடுத்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, உங்கள் கதிரையில் வேறு ஒருவரைப் படுக்க வைத்துவிட்டேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த நாள் எனக்கு வேலை இருக்காது. என் கணவர் வேலையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் இங்கே தாக்கோ தின்ன வரவில்லை. எங்கள் பிள்ளையின் விஷயமாக வந்திருக்கிறோம்."

நான் சத்தம் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். சத்தம் போட்டதாகத்தான் மகள் சொல்கிறாள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணவர், "இஞ்சேரும், காணும், விடும்" என்று என் முழங்கையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து, நனைந்த தலையோடு, சைக்கிள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உயரமான வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றான். என்னை அவன் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்.

கடைக்காரர் பயந்துபோய், குசினிச் சுவரோடு இருந்த நீளப் பலகையடியில் நான்கு உயரமான முக்காலிகளைப் போட்டுக் கொடுத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு வரிசையாக இருக்க வேண்டும். நான் யோசிப்பதற்குள் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கோடியில் பெடியன், அவனுக்குப் பக்கத்தில் என் கணவர், பிறகு மகள், இந்தக் கோடியில் நான். குனிந்து எட்டிப் பார்த்தால் கணவரின் கோட்டுத் தோள்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒரு மூக்கு.

"அவற்ர தாய் தகப்பன் எங்கை இருக்கினமெண்டு கேள்" என்று மகளிடம் சொன்னேன். மகள் தகப்பனிடம் சொன்னாள். தகப்பன் பெடியனிடம் கேட்டார். பதில் திரும்பி வருவதற்குள் எக்காளம் தொடங்கிவிட்டது.

"மாடு வைச்சிருக்கினமாம்" என்றாள் மகள்.

"எங்கை?"

"பிரத்தாஞ்ஞில." பிரான்சின் மேற்குக் கோடி அது.

"எத்தினை பேர் சகோதரங்கள்?"

அந்தக் கேள்வி என் கணவரோடு நின்றுவிட்டது. அவர் தன்னுடைய வலது தோள்மூட்டைப் பற்றிப் பெடியனிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி அவருக்கு அந்தத் தோள் உயராது. பெடியன் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்து மெல்ல உயர்த்தி, இங்கே நோகிறதா, இங்கே நோகிறதா என்று பார்த்தான். இருவரும் அதைப் பற்றியே சாப்பாடு முடியும்வரை பேசினார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த கள்ளிச்செடிப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன். பெடியனுக்கு மிளகாய் ஆகாது. தக்காளித் தண்ணீரையே ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் சீஸ் வைத்த ரொட்டியைச் சாப்பிட்டான். இவன் எங்கள் வீட்டில் என்னத்தைச் சாப்பிடப் போகிறான் என்று எனக்கு இன்னொரு கவலை சேர்ந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது கணவர், "நல்ல பெடியன்" என்றார்.

"நீங்கள் கதைச்சனீங்கள். நான் உங்கட முதுகைத்தான் பாத்தன்" என்றேன்.

மறுநாள் காலையில் அந்தக் கடையைப் பற்றி இணையத்தில் ஒரு விமர்சனம் எழுதினேன். எங்கள் கிளினிக்கைப் பற்றி ஆட்கள் எழுதும் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவதும் என் வேலையில் ஒன்று. அதனால் எப்படி எழுதினால் உறைக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நட்சத்திரம் போட்டேன். மேசை பதிவு செய்தும் கிடைக்கவில்லை. இசை அளவுக்கு மீறிய சத்தம். கூட வந்தவரோடு பேச முடியாது. குடும்பத்தோடு போக ஏற்ற இடம் அல்ல. வாடிக்கையாளரின் பிள்ளையைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரியாததைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருப்பது முறையல்ல. கடைசி வரியை எழுதிவிட்டு அழித்தேன். பிறகு மறுபடியும் எழுதி அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் வந்தாள்.

"அம்மா, அது நீங்கள்தானே எழுதினது?"

"என்ன எழுதினது?"

"கடைக்காரர் எனக்கு அனுப்பினவர். சாப்பாட்டைப் பற்றி அதில ஒரு வரியும் இல்லை."

"சாப்பாடும் சரியில்லை. எழுத மறந்துபோனன்."

அவள் கோபமாக இருக்கிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கடைக்காரர் விமர்சனத்தின் கீழே பதில் போட்டிருக்கிறார், பாருங்கோ என்றாள். பார்த்தேன். மன்னிப்புக் கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் கடை அநேகமாக வெறுமையாக இருக்கும், தயவுசெய்து அன்று வாருங்கள், இசையை நிறுத்தி வைக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

போவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மகள் அரை நாள் லீவு எடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

உண்மையிலேயே வெறுமையாகத்தான் இருந்தது. கடைக்காரர் நடுவில் இருந்த பெரிய மேசையைக் காட்டினார். என்னோடு பிரெஞ்சில் பேசினார். ஒலிபெருக்கி செத்துக் கிடந்தது. குசினிக்குள் தம்பி வெங்காயம் வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நானும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தோம். இவ்வளவு நாளும் சத்தத்தைக் குறை சொன்னேன். சத்தம் இல்லை என்றதும் என்ன கேட்பது என்று வாய் வரவில்லை. இரண்டு பேரும் சாப்பாட்டு அட்டையைத் திரும்பத் திரும்ப வாசித்தோம்.

அவளே தொடங்கினாள். "அம்மா, நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடு எடுக்கப் போறம். பொண்டியில."

"பொண்டியிலையோ?"

பொண்டியில்தான் என் தங்கச்சி இருக்கிறாள். அங்கே ஸ்டேஷனில் இறங்கினால் தெரிந்த முகம் ஒன்றைக் காணாமல் வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது. பாரிஸைச் சுற்றி எத்தனை ஊர் இருக்கிறது.

"அவருக்கு ஆஸ்பத்திரி அங்கே கிட்ட. வாடகையும் குறைவு" என்று பிரெஞ்சுக்கு மாறினாள்.

"கலியாணம்?"

"தெரியாது."

"தெரியாதெண்டா?"

"தெரியாதெண்டா தெரியாது, அம்மா. இருந்து பாப்பம்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இதையெல்லாம் ஏன் பிள்ளை கடைகளில வைச்சுச் சொல்லுறாய்? இறைச்சி சாப்பிடுறேல்லையெண்டு இஞ்சை. பெடியன் இருக்கெண்டு இஞ்சை. இப்ப வீடு எடுக்கிறதும் இஞ்சை. எங்களுக்கு ஒரு வீடு இல்லையோ?"

அவள் நேராக என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

"வீட்டில சொன்னா நீங்கள் எழும்பிக் குசினிக்குப் போயிடுவீங்கள். அப்பா ரீவியைப் போட்டிடுவார். நான் தனிய இருப்பன். இங்க நீங்கள் எழும்பிப் போக ஏலாது."

அப்படி இல்லை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் படிப்பை மாற்றப் போகிறேன் என்று சொன்ன நாள் ஞாபகம் வந்தது. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனவள் நான்தான். அடுப்பில் அன்று ஒன்றும் இருக்கவில்லை.

கடைக்காரர் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார். அன்று ஒன்றும் மாறி வரவில்லை. சூடாக, நன்றாகவே இருந்தது. அதை ரசிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"நான் இதுக்கு ஓமெண்டு சொல்லேல்லை" என்றேன்.

"தெரியும்."

"வேண்டாமெண்டு சொன்னாலும் நீ போவாய்."

"ஓம், அம்மா."

இருந்து சாப்பிட்டு முடித்தோம். எழுந்து போகவில்லை.

அன்று பின்னேரமே தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். அவள், "வேதமோ?" என்று கேட்டாள், பெடியன் கத்தோலிக்கனோ என்று.

"ஞானஸ்நானம் எடுத்தவன்தானாம். கோயிலுக்குப் போறதில்லையாம்."

"இஞ்சை ஆரக்கா போகினம்" என்றாள். பிறகு, "மாமியாக்கள் கேட்டா என்ன சொல்லுறது?"

"எனக்குத் தெரியாது. நீயே ஏதாவது சொல்லு."

அவர்கள் வீடு மாறியது ஒரு சனிக்கிழமை. நாங்களும் உதவிக்குப் போனோம். கணவர் தோள் நோவோடு பெட்டிகளைத் தூக்கப் போக, பெடியன் அவரை வாகனத்துக்குள்ளேயே இருத்திவிட்டான். நாங்கள் போய்ச் சேரும்போது என் தங்கச்சி ஏற்கெனவே அங்கே நின்றாள். பெடியனின் சொந்த ஊர், அவன் வீட்டில் எத்தனை மாடு, தாய்க்கு உடம்பில் என்ன வருத்தம், எத்தனை சகோதரங்கள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு எனக்கு ஒப்புவித்தாள். இத்தனை மாதமாக எனக்குக் கிடைக்காததை அவள் நடைபாதையில் நின்ற நேரத்துக்குள் சம்பாதித்துவிட்டாள். எனக்கு அவளில் வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. என் பழைய அலுமாரியை மகளுக்கென்று கொண்டுபோயிருந்தோம். அதன் ஒரு பக்கத்தைப் பெடியனும் மறுபக்கத்தை நானும் மகளுமாகப் பிடித்துக்கொண்டு படி ஏறினோம். அவன் எங்களைப் பார்த்தபடி பின்புறமாக ஏறினான். அன்றுதான் அவன் முகத்தை நான் முழுதாகப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. இடது புருவத்தில் ஒரு பழைய காயம்.

"நிறுத்தி ஆறுவோமா, மதாம்?" என்று கேட்டான்.

"வேண்டாம், ஏறு" என்றேன்.

மேலே போனபோது அலுமாரி கதவுக்குள்ளால் போகவில்லை. சரித்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம். கழற்றுவதற்கு யாரிடமும் ஆயுதம் இல்லை. தங்கச்சி கீழே இருந்து, அளந்து பார்த்துவிட்டுக் கொண்டுவந்திருக்கக்கூடாதோ என்று கத்தினாள். கடைசியில் அதை நடையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனோம். அடுத்த நாள் யாரோ ஸ்குரூட்ரைவர் கொடுத்துக் கழற்றி உள்ளே எடுத்தார்களாம். திங்கட்கிழமை வேலையில் இருந்தபோது மகள் படம் அனுப்பினாள். அலுமாரியின் ஒரு கதவு தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த நேரம் ஒரு நோயாளி கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து நின்றதால் தொலைபேசியை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.